கேட் ஓரத்தில் உட்கார வைத்தோம்

பட்டாளத்திலிருந்து திரும்பியவருக்கு நாம் ஒதுக்கிய இடங்கள் ஏ.டி.எம். அறை, வங்கி வாசல், அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட். "எக்ஸ் சர்வீஸ்மேன், நம்பி விடலாம்" என்றோம். அதையே மரியாதை என்றும் நினைத்துக்கொண்டோம். சிப்பாயாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாற்பதை ஒட்டிய வயதில் பென்ஷனோடு ஊர் வந்துவிடுகிறார்கள். மிச்ச ஆயுளில் என்ன செய்ய ஆசை என்று அவர்களை நாம் கேட்டதில்லை.

பட்டாளம் என்றால் துப்பாக்கி என்று சினிமா நமக்குச் சொல்லிவைத்திருக்கிறது. ராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் இ.எம்.இ. படைப்பிரிவில் சிப்பாயின் பதவிப் பெயரே கிராஃப்ட்ஸ்மேன். லாரியையும் டாங்கியையும் பிரித்துப் பூட்டி, வெல்டிங் வைத்து, தகடு தட்டிப் பழகியவர்கள் அங்கே உண்டு. 1966-இல் வதோதராவில் இந்தப் பிரிவினர் அலுமினியத் தகடு போர்த்தி ஒரு கோயில் எழுப்பினார்கள். உள்ளே இருப்பவர் தட்சிணாமூர்த்தி. முன்னின்று கட்டிய பிரிகேடியர் யூஜின் கிறிஸ்தவர். அதே 1966-இல்தான் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் சென்னை அருகே சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். அங்கே சிற்பி பி.வி. ஜானகிராம் தகடு தட்டிச் செய்த உருவங்களைக் கலை என்று எழுதினோம். எழுத வேண்டியதுதான். வதோதராக் கோயிலைச் சுற்றுலாக் குறிப்பில் இரண்டு வரியோடு விட்டோம்.

பட்டாளத்திலிருந்து வந்தவர் சிற்பியாகலாம் என்பதற்கு வெளியே உதாரணம் உண்டு. சிற்பி லின் சாட்விக் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை விமானி. சிற்பத்தைப் பள்ளியில் படித்தவரல்ல. 1950-இல், முப்பத்தைந்து வயதில், ஆக்சிஜன் கம்பெனி ஒன்று நடத்திய பள்ளிக்குப் போய் வெல்டிங் கற்றார். இரும்புக் கம்பிகளைச் சட்டமாகப் பற்றவைத்து, இடைவெளிகளில் ஜிப்சமும் இரும்புத்தூளும் கலந்து நிரப்பினார். ஒல்லிக் கால்களில் நிற்கும் கூர்மையான உருவங்கள். 1956-இல் வெனிஸ் பியன்னாலே கலைக் கண்காட்சியில் சிற்பத்துக்கான சர்வதேசப் பரிசு அவருக்குக் கிடைத்தது. போட்டியில் புகழ்பெற்ற சிற்பி ஜியாகோமெட்டியும் இருந்தார்.

சாட்விக் தேடிப் போய்க் கற்ற வெல்டிங் வித்தை நம் ஹவில்தார்கள் பலருக்குக் கைவந்தது. வெனிஸ் வரை நாம் படித்தோம். பக்கத்துத் தெருவில் விசாரிக்கவில்லை. கண்காட்சி அழைப்பிதழ் அச்சடித்த நாம் அதில் ஒன்றை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அனுப்ப நினைத்ததில்லை. டிசம்பர் 7 கொடிநாளில் உண்டியலில் காசு போட்டோம். ஓய்வுபெற்ற டாங்கிக்குப் பெயின்ட் அடித்து ஊர் நடுவே நிறுத்தினோம். அதன் ஒவ்வொரு போல்ட்டும் தெரிந்தவர் பக்கத்துக் கடையில் இரவுக் காவல் இருந்தார்.

(சிற்பம் செய்தால் போர்க் காயம் ஆறிவிடும் என்று சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆசை இருக்கிறவருக்கு இடம் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி.)

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கோடை விடுமுறையில் ஒரு பட்டறையைத் திறந்துவிடலாம். இரும்பு பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் கிடைக்கும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும், அவ்வளவுதான். அடுத்த கொடிநாளுக்குள் அந்தக் கடிதத்தை யாராவது எழுதுங்கள்.