ஏரியின் உப்பை இலை சொல்லும்

பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு போன்ற மீனவக் கிராமங்களில் 'முகத்துவாரம் அடைச்சுக்கிச்சு' என்ற பேச்சு எழுந்தால், அது பிழைப்பு பற்றிய கவலை. ஏரியும் கடலும் சேரும் வாயை மணல் மூடினால், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ளே வருவது குறையும். கோடையில் தண்ணீர் ஆவியாகி, ஏரியின் உப்பு கடல்நீரையே மிஞ்சிவிடுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறு பெருகி வந்தால், அதே ஏரியில் உப்பு சட்டென்று இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கரையோர அலையாத்தி மரங்களும் சேர்ந்தே தாங்குகின்றன. அவை பட்ட பாடு இலையில் பதிவாகிறது என்கிறது அறிவியல்.

கனமான ஹைட்ரஜன்

சாதாரண ஹைட்ரஜனைப் போல இரு மடங்கு எடையுள்ள ஹைட்ரஜனும் இயற்கையில் உண்டு. அதன் பெயர் டியூட்டீரியம். 1931-ல் இதைக் கண்டறிந்த ஹரால்டு யூரி, 1934-ல் நோபல் பரிசு பெற்றார். கடல்நீரில் உள்ள பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்களில் சுமார் 156 மட்டுமே இந்த வகை. தண்ணீர் ஆவியாகும்போது லேசானது முந்திக்கொண்டு கிளம்பும், கனமானது பின்தங்கும்.

செடி தான் உறிஞ்சும் நீரிலிருந்தே ஹைட்ரஜனை எடுத்துச் சர்க்கரையும் இலை மெழுகும் செய்கிறது. வெயில் நன்றாகக் கிடைத்து ஒளிச்சேர்க்கை மும்முரமாக நடந்தால், அதில் சேரும் ஹைட்ரஜனில் டியூட்டீரியம் குறைவு. வெளிச்சம் போதாமல் சேமிப்பை எடுத்துச் செலவழிக்கும் நிலை வந்தால், சர்க்கரை திரும்பத் திரும்ப உடைந்து சேரும். அப்போது டியூட்டீரியம் கூடும். இரவில் கரியமில வாயுவைச் சேர்த்துவைக்கும் சப்பாத்திக்கள்ளி போன்ற செடிகளின் செல்லுலோஸில் அது அதிகம் என்பது 1980-களிலேயே தெரிந்துவிட்டது. ஆக, இலையில் இரண்டு செய்திகள் இருக்கின்றன: குடித்த தண்ணீர் எது, அதை வைத்துச் செடி எப்படிப் பிழைத்தது.

கண்டல் காட்டிய வேறுபாடு

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று முகத்துவாரத்தில் வெண்கண்டல் மரங்களை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வெளியானது. உப்பு கூடக்கூட, தண்ணீரிலும் இலை மெழுகிலும் உள்ள டியூட்டீரிய அளவுகளுக்கு இடையிலான இடைவெளி விரிந்தது. அதே வெண்கண்டல் பழவேற்காட்டிலும் வளர்கிறது. இலை மெழுகு எளிதில் மக்காது; சேற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கும். ஏரியின் பழைய உப்புக் கணக்கையும் அதில் தேடலாம்.

ஆனால், இலையை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடக் கூடாது. தண்ணீரும் செடியின் பிழைப்பும் ஒரே எண்ணில் கலந்திருப்பதால், அந்தந்தப் பருவத்து ஏரி நீரையும் கூடவே அளந்தாக வேண்டும்.

என்ன செய்யலாம்?

2023-24 மத்திய பட்ஜெட்டில் அலையாத்திக் காடுகளுக்கென 'மிஷ்டி' திட்டம் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடும் கடலோரங்களில் கன்று நட்டுவருகிறது. இத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு போதாது. நட்டது எந்த உப்பில், எவ்வளவு திணறி நிற்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஐசோடோப்பை அளக்கும் வசதி அகமதாபாத் இயற்பியல் ஆய்வகம் போன்ற இடங்களில் இருக்கிறது. எந்த மாதம் தண்ணி கரிக்கும், எந்தத் துறையில் இறால் படும் என்ற கணக்கு மீனவர்களிடம் இருக்கிறது. முகத்துவாரம் குறித்தும் காடு வளர்ப்பு குறித்தும் முடிவெடுக்கும்போது, இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைப்பது அரசின் பொறுப்பு.