கல் தெறிச்ச காருக்கு முழுசா பெயின்ட் அடிக்கணுமா?

இந்த வாரம் கீரை, நாத்து பத்தி எதுவும் இல்லை. கார் பெயின்ட் பத்திக் கொஞ்சம் பேசலாம். விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. இரும்பும் மழையும் துருவும் எங்களுக்கு தினசரி விவகாரம்தான்.

வண்டலூர்ல இருந்து மீஞ்சூர் போற வெளிவட்டச் சாலை நசரத்பேட்டை, நெமிலிச்சேரின்னு எங்க பக்கமாத்தான் போகுது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்தின லாரி தார்ப்பாயைச் சரியா மூடாம போகும். பின்னாடி வர்ற கார் பானட்டுல 'டக்'னு ஒரு கல் தெறிக்கும். இறங்கிப் பார்த்தா கடுகு அளவு பெயின்ட் போயிருக்கும். பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ல கார் வச்சிருக்கிற யாருக்கும் இது புதுசு இல்லை.

அம்பத்தூர் எஸ்டேட்ல வேலை பார்க்கிற என் அக்கா மகனுக்கும் இதே கதைதான். பானட்டுல நாலு இடம், முன் பம்பர்ல ஏழெட்டு, கதவுல ஒரு கீறல். மூணையும் முழுசா அடிக்க ஒரு கடையில 18,000 ரூபாய் சொல்லியிருக்காங்க. அடுத்த மாசம் மச்சினி கல்யாணம். மாமனார் வீட்டு ஆளுங்க முன்னாடி இந்த வண்டியை எப்படி நிறுத்தறதுன்னு அவனுக்குக் கூச்சம். கையில இருக்கிறதோ பொண்ணோட ஸ்கூல் பீஸுக்கு எடுத்து வச்ச பணம். "என்ன மாமா பண்ணலாம்?"னு கேட்டான்.

முழுசா அடிக்காதடா, இரும்பு தெரியற இடத்தை மட்டும் அடைச்சிடுன்னு சொன்னேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன்.

முதல்ல, பெயின்ட் போன எல்லா இடமும் துருப்பிடிக்காது. இப்ப வர்ற கார்கள்ல பம்பர் பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குக்கு ஏது துரு? சந்தேகமா இருந்தா பிரிட்ஜ்ல ஒட்டற காந்தத்தை மெல்லிசு துணியில சுத்தி வச்சுப் பாருங்க. ஒட்டலேன்னா அது இரும்பு இல்லை. அந்த இடத்தைப் பத்திக் கவலையே வேண்டாம்.

அடுத்து, கீறல் மேல நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டாம வழுக்கிட்டுப் போனா மேல இருக்கிற கண்ணாடிப் பூச்சு மட்டும்தான் கீறியிருக்கு. பாலிஷ் போட்டாலே போதும், போடாட்டியும் வண்டி கெட்டுப் போகாது. நகம் மாட்டி, உள்ள வெள்ளையாவோ சாம்பல் கலராவோ தெரிஞ்சா அடிப்பூச்சு மிச்சம் இருக்கு, கொஞ்ச நாள் தாங்கும். பளபளன்னு உலோகமோ பழுப்போ தெரிஞ்சாதான் உடனே கவனிக்கணும்.

ஏன்னா, துரு இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். ஊதிக்கிட்டு சுத்தி இருக்கிற நல்ல பெயின்ட்டையும் தூக்கிவிடும். அந்த இடுக்குல தண்ணி போய் நிக்கும், துரு உள்ளுக்குள்ளயே பரவும். வரப்புல நண்டு வளை மாதிரி. வளை சின்னதா இருக்கும்போதே களிமண்ணை வச்சு அடைச்சிடுவோம். அதுக்காக வரப்பையே வெட்டிப் புதுசா கட்ட மாட்டோம்.

கார் கம்பெனியில கண்ணாடி, சீட்டு எதுவும் மாட்டாத வெறும் கூட்டைத் தொட்டியில முக்கி, மின்சாரம் பாய்ச்சி அடிப்பூச்சு ஏத்தறாங்க. அது மூலை முடுக்கெல்லாம் ஏறும். அப்புறம் 150 டிகிரிக்கு மேல சூடு பண்ற சூளையில வேக வைப்பாங்க. பூந்தமல்லி தாண்டி இருங்காட்டுக்கோட்டையில 1998-ல இருந்து ஹூண்டாய் கார் தயாராகுது. அந்த மாதிரி ஆலையில இருக்கிற தொட்டியும் சூளையும் பட்டறையில கிடையாது. ஒயர், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டின வண்டியை அவ்வளவு சூடு பண்ணவும் முடியாது. எல்லாப் பூச்சும் சேர்ந்து ரெண்டு தலைமுடியை அடுக்கின கனம்தான் இருக்கும். ஆனா அது ஒரு தடவை கிடைக்கிற சொத்து. நல்லா இருக்கிறதை நாலு புள்ளிக்காகத் தேய்க்கிறது எனக்குச் சரியாப் படல. மெட்டாலிக் கலர்னா பக்கத்துக் கதவோட நிறம் ஒத்துப்போறதும் கஷ்டம். நாளைக்கு விக்கும்போது பெயின்ட் கனத்தை அளக்கிற மீட்டரை வச்சுப் பார்த்துட்டு, "பானட் அடிபட்டதா?"ன்னு கேட்பாங்க. கல் தெறிச்ச புள்ளிக்கு அந்தக் கேள்வி வராது.

"இன்சூரன்ஸ் இருக்கே"ன்னு சிலர் சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம்னு சொந்த சேதப் பிரீமியத்துல போனஸ் ஏறும். ஒரு கிளெய்ம் போட்டா பூஜ்யம். போனஸ் கழிக்காத பிரீமியம் 10,000 ரூபாய்னு வச்சுக்குங்க. 50 சதவீதத்துல இருக்கிறவர் 5,000 கட்டறார். கிளெய்ம் போட்ட பிறகு பழைய இடத்துக்கு வர்றதுக்குள்ள 5,000, 3,000, 2,500, 1,500, 500-ன்னு கூடுதலா 12,500 ரூபாய் போயிடும். வண்டி மதிப்பு வருஷா வருஷம் குறையறதால கொஞ்சம் கம்மியாகலாம், அவ்வளவுதான். இதுல 1500 சிசி வரைக்கும் உள்ள காருக்கு முதல் 1,000 ரூபாய் நம்ம தலையில.

அடைக்கிறது பெரிய வித்தை இல்லை. கதவு ஓரத்துலயோ பானட்டுக்குள்ளயோ ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல கலர் நம்பர் இருக்கும். அந்த நம்பருக்கு டச்-அப் பெயின்ட் சின்ன பாட்டில்ல கிடைக்கும். இடத்தைக் கழுவிக் காய வச்சு, பழுப்பு இருந்தா நைஸ் உப்புத்தாளால அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டுங்க. ஈர்க்குச்சி முனையால முதல்ல பிரைமர், காஞ்சதும் கலர், அதுவும் காஞ்சதும் மேல கிளியர். மொத்தமா வைக்காம மெல்லிசா ரெண்டு மூணு தடவை வைங்க. கிட்ட வந்து பார்த்தா தெரியத்தான் செய்யும். துரு வராது, அதுதான் வேணும்.

ஏற்கெனவே பெயின்ட் கொப்புளிச்சு நின்னா, கதவு அடிப்பக்கமோ சக்கரத்துக்கு மேல இருக்கிற வளைவோ அரிச்சிருந்தா, பட்டறைக்குத்தான் போகணும். அங்க கஞ்சத்தனம் கூடாது.

பார்வைக்கும் ஒரு மரியாதை உண்டு, இல்லேன்னு சொல்லல. மாட்டுப் பொங்கலுக்கு நாங்களும்தான் கொம்புக்கு வர்ணம் அடிக்கிறோம். ஆனா விதை நெல்லை வித்து அடிக்க மாட்டோம். புள்ளை பீஸ் விதை நெல்லுதானே? கையில உபரிப் பணம் இருந்து, ஆசைக்கு அடிக்கிறேன்னா தாராளமா அடிங்க. நாலு பேர் என்ன நினைப்பாங்கன்னு அடிக்காதீங்க. பந்தியில உட்கார்ந்தவன் சாம்பாரைப் பத்திப் பேசுவான், உங்க பானட்டைப் பத்திப் பேச மாட்டான்.

நம்ம பக்கம் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையிலதான். அதுக்குள்ள, புரட்டாசியில வெயில் அடிக்கிற ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, காரைக் கழுவிட்டு ஒரு சுத்து சுத்திப் பாருங்க. இரும்பு தெரியற இடத்தை எண்ணுங்க. அநேகமா ஒரு கை விரலுக்குள்ள முடிஞ்சிடும்.