மூத்தோர் ஓட்டமும் நொந்த காலும்

நமது கல்லூரியின் வருடாந்த மெய்வல்லுநர் போட்டியிலே பழைய மாணவர் ஓட்டம் என ஒன்று உண்டு. பரிசளிப்புக்கு முன்னர், சபையோரைச் சிரிப்பூட்டும் நிகழ்ச்சியாகவே அது நடாத்தப்பட்டு வருகின்றது. முப்பது வயதினரும் அறுபது வயதினரும் ஒரே கோட்டில் நிறுத்தப்படுவர். முப்பது வருடம் ஓடாத கால்கள் ஒரு வெடியொலியிலே விரைந்தெழும். எழுபதாம் மீற்றரளவில் எவரேனும் ஒருவர் தொடையைப் பற்றிக்கொண்டு நின்றுவிடாத ஆண்டு அரிது. அவருக்குக் கூறப்படும் புத்திமதியும் ஆண்டுதோறும் ஒன்றே: “வயது போய்விட்டது, இனி ஓட்டம் வேண்டாம்.” இப்புத்திமதி தவறானது என்பதே எனது கட்சி.

1958 இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கப் பதக்கம் ஈட்டிய எதிர்வீரசிங்கத்தை நாம் போற்றுகின்றோம், போற்றத்தான் வேண்டும். ஆனால் இளமை கழிந்தபின் ஓடுவோரைப் போற்ற நாம் இன்னும் பழகவில்லை. மூத்தோர்க்கான முதலாவது உலகப் போட்டி 1975 இல் ரொறன்ரோ நகரில் நிகழ்ந்தது. இன்று 35 வயது முதலாக ஐந்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு வகுப்பு வகுத்து அதனை நடாத்துகின்றனர். ஐம்பத்தொன்பது வயதில் பின்தங்கியவர், அறுபதாவது பிறந்த நாளன்று தம் வகுப்பிலே இளையவராகிவிடுகின்றார்! பிறந்த நாளை இத்துணை ஆவலோடு எதிர்பார்க்கச் செய்யும் விளையாட்டு வேறொன்றை யான் அறியேன். கனடாவில் வாழ்ந்த எட் விற்லொக் என்பார் தமது 73ஆம் வயதில், 2004 இல், மரதன் ஓட்டத்தை 2 மணி 54 நிமிடம் 48 வினாடியில் ஓடி முடித்தார். அவர் பயிற்சி செய்த இடம் தம் வீட்டுக்கு அண்மையிலிருந்த ஓர் இடுகாடு.

நிற்க. காயமுற்றோர் மீள்வது எங்ஙனம்? தசைக்கு இரத்தவோட்டம் மிகுதி. தசையை எலும்போடு பிணிக்கும் நாணுக்கோ குறைவு. ஆதலால் நாண் தேறுவதற்கு மாதக்கணக்காகும். மூச்சும் நெஞ்சும் அதற்கு முன்னரே பழைய நிலையை எய்தி, “இன்னும் ஓடு” என்று தூண்டும். இரண்டாவது காயம் பெரும்பாலும் இவ்விடைவெளியிலேதான் நேர்கின்றது. முற்றாக ஓய்ந்திருத்தலும் பரிகாரமன்று. நோவு தணியும், வலுவும் கூடவே தணியும்.

1998 இல் சுவீடன் தேசத்து வைத்தியர் அல்பிரட்சன் என்பவரும் அவருடன் ஆய்ந்தோரும், குதிநாண் நொந்த நடுவயது ஓட்டக்காரர் 15 பேருக்கு ஒரு பயிற்சியை விதித்தனர். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, குதியை மெல்ல மெல்லக் கீழே இறக்க வேண்டும். 15 தடவை கொண்ட மூன்று சுற்று, முழங்காலை நீட்டியும் மடக்கியும், நாளுக்கு இருவேளை, பன்னிரண்டு வாரம். பதினைவரும் ஓட்டத்துக்கு மீண்டனர். பின்வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் இத்துணைப் பயன் கிட்டவில்லையாயினும், நொந்த நாணுக்கு அளவறிந்த சுமையே மருந்து என்ற கொள்கை நிலைபெற்றுவிட்டது. (அறுந்த நாணுக்கு இது பொருந்தாது; அதனை வைத்தியரே பார்த்தல் வேண்டும்.)

எனது 61ஆம் வயதில் இடக் குதிநாண் நொந்தபோது, வீட்டு வாசற்படியே எனக்கு வைத்தியசாலை ஆயிற்று. நாளொன்றுக்கு 180 தடவை. அயலவர் இதனை ஏதோ நேர்த்திக்கடன் என்றே எண்ணியிருப்பர். ஐந்தாம் மாதத்தில் 400 மீற்றரை நிற்காது ஓடினேன். நேரத்தை இங்கு எழுதப்போவதில்லை.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒன்று கூறுவேன். இவ்வோட்டத்தை வயது வகுப்புகளாகப் பிரியுங்கள். போட்டித் திகதியை மூன்று மாதம் முன்னதாகவே அறிவித்து, அதுவரை காலைவேளைகளில் மைதானத்தைத் திறந்துவிடுங்கள். சிரிப்புக் குறைந்துவிடுமே என்று கவலைப்படுவோர்க்குச் சாக்கோட்டம் இருக்கின்றது. அறிவித்தல் வெளிவருமாயின், 60 முதல் 64 வரையான வகுப்பிலே என் பெயரை முதலாவதாகப் பதிந்துகொள்ளுமாறு காரியதரிசியைக் கேட்டுக்கொள்கின்றேன்.