விறாந்தையும் வகுப்பறையும்

சென்ற மாதம் ஊருக்கு வந்திருந்தபோது பழைய நண்பர் ஒருவரைக் காணச் சென்றேன். இருவரும் ஒரே கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகள் படிப்பித்தவர்கள். அவர் கணிதம், நான் புவியியல். ஓய்வுபெற்றபின் மெல்பேணிற் குடியேறி, அந்நாட்டுப் பிரசையும் ஆகிவிட்ட நான், அறுபத்தேழாம் வயதில் அங்குள்ள பல்கலைக்கழகமொன்றிலே கட்புலக் கலை பயில்கின்றேன் என்ற செய்தி அவர் காதுக்கு முன்னரே எட்டியிருந்தது. தேநீர் வருவதற்கிடையில் கேள்வி வந்துவிட்டது.

"உமக்கு ஏன் மாஸ்டர் இந்த வேலை? படம் கீற ஆசையெண்டால் வீட்டு விறாந்தையிலை இருந்து கீறலாமே. ஒரு பெடியன்ர இடத்தை ஏன் போய்ப் பிடிக்கிறீர்?"

இதில் இரு கேள்விகள் அடங்கியுள்ளன. ஒன்று கலைபற்றியது, மற்றையது நியாயம்பற்றியது. நண்பர் இரண்டையும் ஒரே மூச்சிற் கேட்டுவிட்டார். முன்னையதற்கு என்னிடம் விடை உண்டு. பின்னையதற்கு அரைகுறை விடைதான் உண்டு. எனினும், ஓய்வுபெற்ற ஆசிரியர் பலர் தம் மனத்துள் இதே ஆசையை ஒளித்து வைத்திருப்பதை யான் அறிவேனாதலின், இங்கே எழுதத் துணிந்தேன்.

விறாந்தையிற் கீறாதவன் அல்லன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கரும்பலகையிலே இலங்கைப் படத்தை வெண்கட்டியை எடுக்காமல் ஒரே கோட்டிற் கீறி மாணவரை வியக்கவைத்தவன். பருத்தித்துறையிலே தொடங்கும் கோடு கீழ்க்கரை வழியே இறங்கி, திருகோணமலையில் உள்வளைந்து, தேவேந்திர முனையைச் சுற்றி, புத்தளக் களப்பையும் மன்னாரையும் கடந்து மறுபடியும் யாழ்ப்பாணத்துக்கு ஏறிவிடும். கண்ணை மூடிக்கொண்டும் கீறுவேன். அந்தக் கைப்பழக்கத்தின் பெருமிதத்தோடுதான் முதல் நாள் வகுப்புக்குப் போனேன்.

அன்று மாதிரியாக அமர்ந்தவர் என் வயதொத்த ஒரு கிழவர். முதலில் ஒரு நிமிடத்துக்கு ஒரு நிலை. பின்னர் ஐந்து நிமிடம். இறுதியில் ஒரு மணித்தியாலம். கரித்துண்டும் பெரிய தாளும் தந்தார்கள். நான் விரைவாகவே கீறி முடித்தேன். தலை, கழுத்து, தோள், கை யாவும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. அவ்வழியே வந்த ஆசிரியை (என் மகளிலும் இளையவர்) என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "இந்த மனிதரை எத்தனை விநாடி பார்த்தீர்கள், தாளை எத்தனை விநாடி பார்த்தீர்கள்?" நான் அவரைப் பார்க்கவேயில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. தோள் என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்த தோளைக் கீறிவிட்டேன். அங்கே அமர்ந்திருந்தவரின் இடத்தோள் வலத்தோளினும் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. இலங்கைப் படம் கீறிய கை அதனைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் தாளைப் பாராமலே உருவத்தின் ஓரத்தைக் கண்ணால் தடவிக்கொண்டு கீறும் பயிற்சி தந்தார்கள். நிக்கொலைடிஸ் என்ற அமெரிக்க ஆசிரியர் எழுதி 1941 இல் வெளிவந்த பாடநூலால் எங்கும் பரவிய பயிற்சி அது. விளைந்தது அலங்கோலந்தான், கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம். ஆனால் முழங்கை மடிந்த இடத்தில் ஓர் அங்குலக் கோடு, நான் வாழ்நாளிற் கீறிய எந்தக் கோட்டினும் உண்மையாக இருந்தது. (வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டவர்க்கு இப்பயிற்சி ஒரு வரம். தூரத்து மனிதரையும் கிட்டத்துத் தாளையும் மாறிமாறிப் பார்க்கக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் தொல்லை இல்லை.)

இப்பயிற்சியை நூலிற் பார்த்து விறாந்தையிற் செய்யலாமே என்று நண்பர் விடவில்லை. செய்யலாம். விறாந்தையிற் கிடைக்காதது வேறொன்று.

மாதம் ஒருமுறை எங்கள் படங்களைச் சுவரிலே குத்தி வைப்போம். கீறியவர் வாய் திறத்தலாகாது. மற்றவர்கள் தாம் கண்டதைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்க் கடற்கரையை நினைவிலிருந்து தீட்டி வைத்திருந்தேன்: வள்ளம், வலை, பனைகள், தொலைவிற் கோவிற் கோபுரம். என்னைப் பெயர் சொல்லியே அழைக்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் நெடுநேரம் அதனைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதில் எல்லாமே ஒரே அளவு தெளிவாக இருக்கின்றன. பரீட்சையிற் கேட்டுவிடுவார்கள் என்று பயந்து எதனையும் விட்டுவிடாமற் கீறியது போல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாட் காலை படத்தைத் திரும்பப் பார்த்தேன். பையன் சொன்னது சரி. அது புவியியற் பாடத்துக்குரிய விளக்கப்படம்; பெயர்கள் மட்டுமே எழுதப்படவில்லை.

யாழ்ப்பாணத்தில் இதனை யார் எனக்குச் சொல்வார்கள்? பழைய மாணவர்கள் வருவார்கள். "சேர், அந்த மாதிரி இருக்குது" என்பார்கள். உறவினர் கைத்தொலைபேசியிற் படமெடுத்து நாலு நாட்டுக்கு அனுப்புவார்கள். நூல் வெளியீட்டு விழாவொன்றில் எவராவது என்னை ஓவியர் என்றும் அறிமுகஞ் செய்துவிடுவார். நம்மிடையே ஆசிரியனுக்குக் கிடைக்கும் மரியாதை பெரும் பேறுதான். ஆனால் அறுபது வயதில் எழுதவோ கீறவோ தொடங்குபவனை அது வளரவிடாது. அவனுடைய பிழையை அவனிடம் சொல்வார் இல்லை. என்னை மாஸ்டராக அறியாத இருபது பேருக்கு நடுவே அமர்வதற்காகவே யான் பல்கலைக்கழகம் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

இரவீந்திரநாத தாகூர் எந்தக் கலைக்கல்லூரியிற் படித்தார் என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. கையெழுத்துப் பிரதிகளில் அடித்த சொற்களை உருவங்களாக மாற்றத் தொடங்கி, அறுபது கடந்தபின் ஓவியரானவர் அவர். 1930 இல் பாரிஸில் அவருடைய முதற் கண்காட்சி நடந்தது. ஆனால் அவரைச் சூழ இருந்தவர் யாவர்? அவனீந்திரநாதரும் ககனேந்திரநாதரும் வீட்டுப் பிள்ளைகள். 1919 இல் சாந்திநிகேதனில் எழுந்த கலாபவனத்திலே நந்தலால் போஸ் இருந்தார். அத்தகைய விறாந்தை வாய்த்தால் நானும் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

எனக்கு அதிகம் துணையாயிருப்பது வேறொருவரின் கதை. நெல் பெயின்ரர் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியை, பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்றபின், அறுபத்து நான்கு வயதளவில் றட்கேர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓவிய மாணவியாகச் சேர்ந்தார். 2009 இல் இளமாணிப் பட்டமும், 2011 இல் றோட் ஐலன்ட் வடிவமைப்புக் கல்லூரியில் முதுமாணிப் பட்டமும் பெற்றார். அவ்வனுபவத்தை 2018 இல் நூலாக்கினார். தமது கண் இருபதாம் நூற்றாண்டுக் கண்ணாயிருந்ததை அவர் மறைக்கவில்லை. நீ ஒருபோதும் கலைஞராகமாட்டாய் என்று ஆசிரியர் ஒருவர் முகத்துக்கு நேரே கூறியதையும் மறைக்கவில்லை. அக்கூற்றை உண்மை என நான் கொள்ளேன். வகுப்பிற் சொல்லப்படும் கடுஞ்சொற்கள் யாவும் கண்ணிலிருந்து வருவன அல்ல. இளமை மீதுள்ள மோகத்திலிருந்து வருவனவும் உண்டு. என் நரைத்த தலையைக் கண்டு, "நல்லது, தொடருங்கள்" என்று மட்டும் சொல்லிக் கடந்துபோகும் ஆசிரியர் ஒருவரை நானும் அறிவேன். அது கடுஞ்சொல்லினும் மோசம்.

இனி, பெடியனுடைய இடம்.

அவுஸ்திரேலிய அரசு 1974 இற் பல்கலைக்கழகக் கட்டணத்தை ஒழித்தபோது, பிள்ளை வளர்த்து நடுவயதடைந்த பெண்கள் பலர் உள்ளே நுழைந்தார்கள். 1989 இற் கட்டணம் கடனுருவில் மீண்டது. படித்தவரின் வருமானம் ஓர் எல்லையைத் தாண்டினால் வரியோடு சேர்த்து அறவிடுவார்கள். என் வருமானம் அந்த எல்லையைக் காணப்போவதில்லை. நான் இறந்தால் மிகுதிக் கடனும் என்னோடு போய்விடும். ஆகவே என் படிப்புக்குப் பணம் கட்டுபவர்கள் அந்நாட்டு உழைப்பாளிகள். இதைச் சொன்னபோது நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இலங்கையில் நிலைமை இன்னும் இறுக்கமானது. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறைதான் தோற்றலாம். அதன்பின் உள்வாரி மாணவனாகச் சேரும் பொதுவழி அடைபட்டுவிடும். 1945 இல் வந்த இலவசக் கல்வியின் பயனை உண்டு வளர்ந்த நான், வன்னியிலிருந்து வரும் ஒரு பிள்ளைக்குரிய இடத்தை ஓய்வூதியக்காரருக்குக் கொடுங்கள் என்று கேட்கமாட்டேன். கேட்பது வேறு. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைப் பீடத்திலும் மட்டக்களப்புச் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் சித்திரம் படிப்பிக்க அறையும் ஆசிரியரும் உண்டு. மாலைகளிலும் விடுமுறையிலும், கட்டணம் பெற்றுக்கொண்டு, வயதெல்லை இன்றி, அவ்விடங்களைத் திறந்துவிடலாகாதா? பட்டம் வேண்டாம். இளம் மாணவரும் முதியவரும் ஒரே சுவரில் படம் குத்துவதே வேண்டும்.

இது நமக்குப் புதிதுமன்று. எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தை நிறுவினார். பின்னர் அ. மாற்கு நடத்திய கழகத்துக்கு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்றே பெயர். விடுமுறையிலே கூடிப் பழகுவதற்கு ஒரு கழகமே இங்கு இருந்திருக்கின்றது.

விடைபெறும்போது நண்பர், "சரி, என்னை ஒருக்கால் கீறும் பாப்பம்" என்று சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்தமர்ந்தார். அரை மணி நேரம் கீறினேன். வாங்கிப் பார்த்தார். "மூக்குப் பிழை" என்றார்.

பிழைதான். அடுத்த நாளும் வரச்சொன்னார்.