இதை வரைஞ்சது ஆர்?

எங்களில் ஒருத்தனின் பெரியம்மாவிடம் அவவுடைய மகனின் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 16 வயதில் அடையாள அட்டைக்கு எடுத்தது. அல்பங்கள் எல்லாம் 2009இல் வன்னியில், ஒரு பங்கருக்கும் அடுத்த பங்கருக்கும் இடையில் எங்கேயோ விடுபட்டுப் போயின. மகனும் திரும்பி வரவில்லை. இத்தனை வருஷம் பேர்சுக்குள் கிடந்ததில் படம் வெளிறி, வலது கன்னத்துப் பக்கம் ஈரம் பட்டு உரிந்துபோயிற்று.

போன வருஷம் நாங்கள் ஆறு பேர் காசு சேர்த்து, அந்தப் படத்தைக் கலர் பென்சில் ஓவியமாக்கி, பிறேம் போட்டு அவவுக்குக் கொடுக்க முடிவெடுத்தோம். டவுனில் ஒரு ஸ்ரூடியோ வாசலில் 'கையால் வரைந்து தரப்படும்' என்று எழுதியிருந்தது. பின்னேரம் கொடுத்தோம், அடுத்த நாள் காலமை தந்தார்கள். அந்தக் கெதியைப் பார்த்தே எங்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை, அது எங்கட பிழை.

பெரியம்மா பிறேமை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தா. பிறகு எங்கட மனம் நோகக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டா: "வடிவாத்தான் கிடக்கு பிள்ளையள். ஆனா இது ஆர்?"

அதுக்குப் பிறகுதான் நாங்கள் ரெண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இடது புருவத்தைக் குறுக்கறுத்து ஒரு தழும்பு இருந்தது, அதைக் காணேல்லை. உரிந்துபோன கன்னத்துக்கு ஒரு புதுக் கன்னம் வந்திருந்தது. மூக்கு கூராகி, தோல் ரெண்டு படி வெளுத்து, உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வேற. அடையாள அட்டைப் படத்துக்கு ஆர் சிரிக்கிறது? ஸ்ரூடியோவில் போய்க் கேட்டோம். "இப்ப எல்லாரும் அப்பில போட்டுத்தானே தம்பி எடுக்கினம்" என்றார் அந்த அண்ணை. கோபப்படக்கூட இல்லை.

எங்களுக்குக் கணினியோடு பகை இல்லை. போட்டோசொப்பில் 'கலர்ட் பென்சில்' என்ற ஃபில்டர் கனகாலமாக இருக்கிறது. பென்சிலின் அகலம், கோட்டின் அழுத்தம், தாளின் வெளிச்சம், இந்த மூன்றையும்தான் அதில் கூட்டிக் குறைக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. படத்தை நிறம் நீக்கி, அதன் பிரதியொன்றை நெகட்டிவாக்கி, மங்கலாக்கி, 'கலர் டொட்ஜ்' முறையில் அந்த நிறம் நீக்கிய படத்துக்கு மேல் வைத்தால் சமதளமான இடங்கள் வெள்ளையாகி விளிம்புகள் மட்டும் பென்சில் கோடுபோல மிஞ்சும். பிறகு பழைய நிறத்தைச் சேர்த்துவிட்டால் வேலை முடிஞ்சுது. எங்கட பற்ச்சின் பிரியாவிடை மலருக்கு நாங்களே இப்படிச் செய்தோம். அதில் தழும்பு தழும்பாகத்தான் இருக்கும். உரிந்த இடம் உரிந்தபடியே கிடக்கும்.

2015இல் ஜேர்மனியின் டுபிங்கனில் கட்டிஸ், எக்கர், பெத்கே என்ற மூவர் ஒரு ஓவியத்தின் பாணியைப் பிரித்தெடுத்து இன்னொரு படத்தின் மேல் ஏற்றும் முறையை வெளியிட்டார்கள். அடுத்த வருஷமே பிரிஸ்மா எல்லாருடைய போனிலும் வந்திட்டுது. அதிலும் அடியில் இருப்பது கொடுத்த படம்தான். ஆனால் 2025 மார்ச்சில் ஜிப்லி பாணிப் படங்களாக எங்கட சுவரெல்லாம் நிரம்பியதே, அந்த வகைச் செயலி வேற. நீங்கள் கொடுக்கும் படத்தை அது ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு புதிதாக ஒரு முகத்தைச் செய்கிறது. தெரியாத இடத்தில், தான் பழகிய லட்சக்கணக்கான முகங்களிலிருந்து ஊகித்து நிரப்புகிறது. தெளிவான செல்பி என்றால் பரவாயில்லை. ஒரேயொரு மங்கல் படம் என்றால்?

பள்ளிக்கூடத்தில் 12 கலர் பெட்டிக்குள் இருந்த அந்த வெளிறிய பென்சிலை நாங்களும் 'தோல் கலர்' என்றுதான் சொன்னோம். எங்கட வகுப்பில் ஒருத்தருக்கும் அந்தத் தோல் இல்லை. இப்ப செயலி அதே பென்சிலைத்தான் எடுக்குதோ என்று எங்களுக்கு ஒரு சந்தேகம்.

கமரா வந்தபோதும் ஓவியர்கள் இப்படித்தான் கத்தினார்கள் என்பார்கள். இருக்கலாம். ஆனால் கமராக்காரர் தன்ர படத்தைப் 'போட்டோ' என்றுதான் சொன்னார், 'வரைந்தது' என்று சொல்லேல்லை. பழைய ஸ்ரூடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் முகத்தைத் திருத்தினவர்களும் இருந்தார்கள், அதையும் மறுக்கவில்லை. கையால் வரைகிறவரும் ஊகிக்கத்தான் செய்வார். ஆனால் அவர் உங்களிடம் கேட்பார். பிழைத்தால் நீங்கள் போய் அவரிடம் கேட்கலாம். எங்கட 'ஓவியத்துக்கு' ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

எல்லாருக்கும் ஓவியரிடம் போகக் காசு இல்லை என்று எங்கட வகுப்பிலேயே ஒருத்தி வாதாடினாள். அது நியாயமான கதை. அப்ப 'செயலியில் செய்தது' என்று போர்டில் எழுதி, செயலிக்குரிய விலையை வாங்கட்டும். கையால் வரைந்தது என்று சொல்லி வாங்குகிற காசு, கையால் வரைகிறவரின் சோற்றிலிருந்து போகிறது.

இதில் இன்னும் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கின போராட்டத்திலிருந்து இன்றைக்கு வரைக்கும் வீதியோரம் இருக்கும் தாய்மாரின் கையில் இருப்பது இப்படிப்பட்ட படங்கள்தான். ஆணைக்குழுக்களின் முன்னால் அவர்கள் கொண்டுபோனதும் இவற்றைத்தான். "இவரைக் கண்டனீங்களோ?" என்று கேட்பதற்கான படம் அது. நினைவு நாட்களில் அந்த முகங்களைப் பென்சில் ஓவியமாக மாற்றிப் பகிரும் தோழர்களே, உங்கட மனசு எங்களுக்குத் தெரியும். நாங்களும் அதே மனசோடுதான் அந்த ஸ்ரூடியோவுக்குப் போனோம். ஆனால் அந்தப் பிள்ளையை ஒருக்கால் கண்டவர் இன்றைக்கும் எங்கேயாவது இருந்தால், நீங்கள் பகிர்ந்த முகத்தை வைத்து அவரால் அடையாளம் காட்டேலுமா? மூலப்படத்தை, அதன் கறையோடும் கீறலோடும், நல்ல தரத்தில் ஸ்கான் பண்ணி வையுங்கோ. பகிர்வதென்றால் அதைப் பகிருங்கோ.

மருதனார்மடத்தில் நுண்கலை படிக்கும் தோழி ஒருத்தியை இப்ப பெரியம்மாவிடம் கூட்டிக்கொண்டு போகிறோம். அவள் முதல் நாள் பென்சிலை எடுக்கவே இல்லை. தலைமயிரை எந்தப் பக்கம் வகிடு எடுப்பார், வெயிலில் எவ்வளவு கறுப்பார், அம்மாவைப் போலவோ அப்பாவைப் போலவோ என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரியம்மா மூன்று மணித்தியாலம் மகனைப் பற்றிக் கதைத்தா. கலர் பென்சிலில் நிறத்தை மெல்லிசாக, படலம் படலமாக ஏற்ற வேண்டுமாம். மாநிறத்துக்கு அடியில் மஞ்சளும் செம்மண்ணும் கொஞ்சம் ஊதாவும் போகுமாம். அழுத்திப் போட்டால் பிறகு லேசில் அழிக்கேலாது.

நாலு மாசமாகியும் முடியவில்லை. உரிந்த கன்னத்தில் சின்னம்மாவின் கன்னத்தைப் பார்த்து ரெண்டு படலம் ஏறியிருக்கு. இடது புருவம் மட்டும் இன்னும் வெறும் தாள். தழும்பு எவ்வளவு நீளம் என்பதில் பெரியம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் இன்னும் சண்டை.