சமூக பாடம் சொல்லும் உபாத்தியாயருக்கு என்ன படிப்பு?

நம் கிராமத்துப் பிள்ளை ஒருவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான் என்று வைத்துக்கொள்ளுவோம். அரசன் என்பவன் யார், வரி எதற்கு, ஓட்டு என்பது என்ன, சட்டம் யாரால் செய்யப்படுகிறது, மழை எங்கிருந்து வருகிறது, நாடுகள் ஏன் சண்டை போட்டுக்கொள்ளுகின்றன என்கின்ற இத்தனை விஷயங்களையும் அவன் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டது சமூக அறிவியல் என்கின்ற ஒரே பாடத்தின் மூலமாகத்தான் இருக்கும். மற்றப் பாடங்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கணக்கு உபாத்தியாயர் தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் விடை தப்பாக வந்து அன்றைக்கே குட்டு வெளியாகிவிடும். சமூக பாட உபாத்தியாயர் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததோ இருபது வருஷம் கழித்து ஓட்டுச் சாவடியிலும், ஊர்ப் பஞ்சாயத்திலும், தெருச் சண்டையிலும், கலியாணப் பேச்சிலும்தான் வெளியாகும். அப்பொழுது அந்த உபாத்தியாயர் ஓய்வு பெற்று வீட்டில் இருப்பார். அவரை யார் போய்க் கேட்கப் போகிறார்கள்?

ஆகவே, இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஆள் தயார் செய்கின்ற சர்வகலாசாலைகள் அந்த ஆளுக்கு எதைக் கற்றுக்கொடுத்து அனுப்புகின்றன என்பதைப் பொதுஜனங்கள் கவனிக்க வேண்டியது அவசியம் என்று கருதியே இதை எழுதுகிறோம். இது படித்தவர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று சிலர் சொல்லக்கூடும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவன் நாம். வரி கட்டுகிறவனும் நாம். கேட்பதற்கு இதைவிட வேறு என்ன யோக்கியதை வேண்டும்?

சமூக பாடம் என்பது நம் நாட்டில் ஆதிமுதல் இருந்துவந்த பாடம் அல்ல. முன்பெல்லாம் சரித்திரம் தனி, பூகோளம் தனி, குடிமை தனியாகத்தான் நடந்துவந்தது. 1952-53இல் இந்திய சர்க்கார் நியமித்த உயர்நிலைக் கல்விக் கமிஷன்தான் இவைகளை ஒன்றாக்கி, எல்லா மாணவர்களும் படிக்க வேண்டிய பாடமாகச் செய்யும்படி சொல்லிற்று. அந்தக் கமிஷனுக்குத் தலைவராயிருந்தவர் நம் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அவர்கள். ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்களில் ஒருவரான சர் ஏ. ராமசாமி முதலியார் அவர்களுடைய இரட்டைச் சகோதரர். 1942 முதல் 27 வருஷகாலம் சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தராக இருந்தவர். நான்கு பாடங்களையும் ஒரே அட்டைக்குள் வைத்துத் தைத்துவிட வேண்டும் என்பது கமிஷனுடைய கருத்தல்ல. மனிதன் தான் வாழும் சமூகத்தையும், அதில் தன் இடத்தையும் விளங்கிக்கொள்ளும்படியான ஒரே படிப்பாக அது இருக்க வேண்டும் என்பதுதான் கருத்து.

ஆனால் நடந்தது என்ன? தைக்கும் வேலை மாத்திரம் ஒழுங்காக நடந்துவிட்டது. புத்தகத்தைத் திறந்தால் சரித்திரம், பூகோளம், குடிமை, பொருளாதாரம் என்று நான்கு பாகம் இருக்கிறது. இந்த நான்கையும் சொல்லிக்கொடுக்க சர்க்கார் தேடுகின்ற ஆளோ, சரித்திரத்தில் பட்டம் பெற்றவர் அல்லது பூகோளத்தில் பட்டம் பெற்றவர். 2023ஆம் வருஷத்தில் ஆசிரியர் தேர்வு வாரியம் பட்டதாரி உபாத்தியாயர் வேலைக்கு விளம்பரம் செய்தபோதும் சரித்திரம், பூகோளம் என்று இரண்டு பாடத்துக்குத்தான் இடம் காட்டப்பட்டிருந்தது. (இந்த வேலைக்கு இன்றைக்கும் "பி.டி. அசிஸ்டெண்டு" என்றுதான் பேர். பி.டி. என்ற பட்டம் போய் பி.எட். என்றாகி எத்தனையோ காலமாகியும், உத்தியோகப் பேர் மாத்திரம் போகவில்லை. நம் நாட்டில் பழைய பேர் அவ்வளவு சுலபத்தில் செத்துப்போகாது!)

இதனால் என்ன ஏற்படுகிறது? மூன்று வருஷம் சோழனையும் மொகலாயனையும் படித்துப் பட்டம் வாங்கினவர், காற்றழுத்தம் என்றால் என்ன, வடகிழக்குப் பருவமழை நமக்கு ஏன் ஐப்பசி கார்த்திகையில் வருகிறது, சமஉயரக் கோடு எதைக் காட்டுகிறது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். பாறையையும் ஆற்றையும் மூன்று வருஷம் படித்தவர் பிரஞ்சுப் புரட்சியையும் முதல் உலக யுத்தத்தையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து, 2017இல் வந்த ஜி.எஸ்.டி. வரியைப் பற்றிப் பையன்களுக்கு விளக்க வேண்டும். தானே பள்ளிக்கூடத்தில் படித்ததோடு விட்டுவிட்ட பாடத்தை ஒருவர் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்? கைடு புத்தகத்தை வாங்கிக் கோடு போட்டுக் கொடுப்பார். "இது கேள்வியாக வரும், இது வராது" என்று சொல்லுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவரை அப்படித்தானே தயார் செய்திருக்கிறோம்?

இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. பொருளாதாரத்தில் பி.ஏ. பட்டம் பெற்ற ஒருவர், அந்தப் பட்டத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பி.எட். படிப்பில் சேர்ந்துவிட முடியாது. எம்.ஏ.வும் படித்த பிறகுதான் சேரலாம் என்பது நெடுநாளாக இருந்துவருகிற ஏற்பாடு. அரசியல் படித்தவருக்கும் அப்படியே. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலோ பொருளாதாரமும் இருக்கிறது, அரசியலும் இருக்கிறது. பாடம் உண்டு, படித்தவருக்குக் கதவு இல்லை. படிக்காதவருக்குக் கதவு திறந்திருக்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களைக் கேட்டால், மேல் வகுப்புகளில் அவர்களுக்கு வேறு உத்தியோகம் இருக்கிறது என்று பதில் வரும். உத்தியோகத்துக்குப் பதில் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் பையனுக்கு என்ன பதில்?

நிற்க, பி.எட். படிப்பைப் பார்ப்போம். முன்பு ஒரு வருஷமாக இருந்த இப்படிப்பு 2015 முதல் இரண்டு வருஷமாக ஆக்கப்பட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014இல் செய்த விதிகளின்படி, வருஷத்துக்கு 200 நாள் கல்லூரி நடக்க வேண்டும். 100க்கு 80 வருகை இருக்க வேண்டும். 20 வாரம் மாணவர் பள்ளிக்கூடத்திலேயே இருந்து பழக வேண்டும். அந்த 20இல் 16 வாரம் இரண்டாம் வருஷத்தில். காகிதத்தில் இதைக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. வைத்தியம் படிக்கிறவன் ஆஸ்பத்திரியில் பழகுவதுபோல் உபாத்தியாயர் வகுப்பில் பழக வேண்டியதுதான்.

ஆனால் இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை யாருடையவை? சுப்ரீம் கோர்ட்டு ஏற்பாட்டின்மேல் நீதிபதி ஜே.எஸ். வர்மா தலைமையில் நடந்த கமிஷன் 2012இல் வெளியிட்ட அறிக்கையில், நாட்டில் உபாத்தியாயர்களைத் தயார் செய்யும் ஸ்தாபனங்களில் சுமார் 100க்கு 90 தனியார் கையில் இருப்பதாகக் கண்டிருக்கிறது. தனியார் நடத்துவது என்பதாலேயே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நாணயமாக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். என்றாலும், பணத்தைக் கட்டிவிட்டுப் பரீட்சைக்கு மாத்திரம் வந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம் என்று சொல்லும் இடங்களைப் பற்றி நாம் கேள்விப்படாத ஜில்லா இல்லை. பாடக் குறிப்பேடும், படமும், மாதிரிப் பொம்மையும் கடையில் செய்தே விற்கிறார்களாம்! பியாஜே, வைகாட்ஸ்கி, புளூம் என்று மூன்று பேர்களைத் தப்பில்லாமல் எழுதிவிட்டு, முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று ஒரு முழுப் பாடத்தையாவது நடத்திப் பார்க்காமலே பட்டம் வாங்கி வருகிறவர்கள் இருந்தால், அந்தப் பட்டம் என்னத்திற்கு ஆகும்?

சரி, எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுவோம். அப்போதும் நம்முடைய முக்கியமான ஆட்சேபணை பாக்கி இருக்கிறது. சமூக பாட உபாத்தியாயருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது, "இதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்கும் பழக்கம். அதுதான் அந்தப் படிப்பில் இல்லாமல் இருக்கிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்ளுவோம். உத்திரமேரூர்க் கல்வெட்டு என்பது எல்லோருக்கும் தெரியும். வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் வருஷங்களில் வெட்டப்பட்டது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, பேர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறு பையனை விட்டு எடுக்கச் செய்தார்கள். குடவோலை என்ற இந்த முறையைச் சொல்லி, "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது, பாருங்கள்!" என்று வகுப்பில் பெருமையோடு பாடம் முடிந்துவிடும். பரீட்சையில் அதற்கு இரண்டு மார்க்கும் கிடைத்துவிடும்.

அதே கல்வெட்டை எடுத்துப் படித்துக் காட்டும் உபாத்தியாயர் ஒருவர் இருந்தால் என்ன நடக்கும்? குடத்தில் யாருடைய பேர் போடப்பட்டது என்று அந்தக் கல்லே சொல்லுகிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் சொந்த நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் அறிந்திருக்க வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றாலும், ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றிருந்தால் போதும். ஊரின் பேரே சதுர்வேதிமங்கலம்! அந்தக் கால் வேலியை உழுதவன் பேர் குடத்தில் உண்டா? நாற்று நட்ட பெண் பேர் உண்டா? வேதத்தைக் காதால் கேட்கவும் கூடாதென்று வைக்கப்பட்டவன் பேர் எந்தக் குடத்தில் போடப்பட்டது?

இதனால் அந்தக் கல்வெட்டை இழிவுபடுத்த வேண்டும் என்பது நம் கருத்தல்ல. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்றும் அதே கல்லில் இருக்கிறது. அது இன்றைக்கும் நமக்கு உபயோகமான விதியே. இரண்டையும் பிள்ளைகள் முன் வைத்து, "நீங்களே சொல்லுங்கள், இது யாருடைய ஆட்சி?" என்று கேட்டால், அந்த ஒரு மணி நேரத்தில் சரித்திரமும் குடிமையும் பொருளாதாரமும் தாமாகவே ஒன்றாகிவிடும். முதலியார் கமிஷன் கேட்ட சமூக பாடம் அதுதான். ஆனால் இப்படி நடத்த உபாத்தியாயருக்குக் கல்வெட்டின் மொழிபெயர்ப்பையாவது ஒருமுறை முழுதும் படித்த அனுபவம் வேண்டும். பட்ட வகுப்பில் குறிப்பை மனப்பாடம் செய்து, பி.எட்.டில் "கற்பிக்கும் முறைகள் எத்தனை வகைப்படும்" என்று மனப்பாடம் செய்தவருக்கு அது எங்கிருந்து வரும்?

இது புத்தகச் சண்டை மாத்திரமல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவரைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கையும் வெட்டுப்பட்டாள். வெட்டியவர்களும் சமூக பாடம் படித்தவர்கள்தான். தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அரசியல் சட்டத்தின் 17வது பிரிவு சொல்லுவதைப் பரீட்சைக்குப் படித்திருப்பார்கள், மார்க்கும் வாங்கியிருப்பார்கள். இதன்மேல் தமிழ்நாட்டு சர்க்கார் நியமித்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, உபாத்தியாயர்களைத் தயார் செய்யும் படிப்பையே திருத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. வகுப்பில் ஒருவன் கையில் சாதிக் கயிறு கட்டி வந்தால் உபாத்தியாயர் என்ன செய்ய வேண்டும், எப்படிப் பேச்சை எடுக்க வேண்டும் என்பதைப் பி.எட்.டில் யார் அவருக்குப் பழக்கிக் கொடுக்கிறார்கள்? அவரும் ஒரு சாதியில் பிறந்து, ஒரு தெருவில் வளர்ந்தவர்தானே? அவருக்குள் இருப்பதைக் கழுவும் இடம் அந்த இரண்டு வருஷம் அல்லாமல் வேறு எது?

இவ்வளவும் பரீட்சை வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2012இல் தமிழ்நாட்டில் முதல் ஆசிரியர் தகுதித் தேர்வு நடந்தது; லட்சக்கணக்கானவர் எழுதியும் 100க்கு ஒருவர்கூடத் தேறவில்லை. பிறகு 2018இல் நியமனத்துக்கு இன்னொரு போட்டிப் பரீட்சையும் வேண்டும் என்று உத்தரவாயிற்று. தகுதித் தேர்வில் மொத்தம் 150 கேள்வி. சமூக பாடத்துக்கு 60. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை கொடுத்திருக்கும், ஒன்றைத் தொட வேண்டும். பராந்தகன் எந்த வருஷம் என்பதை இதில் கண்டுபிடிக்கலாம். "எங்கள் தாத்தா பேர் ஏன் குடத்தில் இல்லை?" என்று ஒரு பிள்ளை கேட்டால் இவர் என்ன சொல்லுவார் என்பதைக் கண்டுபிடிக்க முடியுமா? தயார் செய்கிற இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, வாசலில் மாத்திரம் காவல் வைத்ததனால் லாபம் அடைந்தது பயிற்சிக் கடைக்காரர்கள்தான்.

இப்போது நான்கு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு என்று ஒன்று 2023-24 முதல் சில இடங்களில் நடக்கிறது. 2030க்குள் அதுவே எல்லோருக்கும் குறைந்தபட்சத் தகுதி ஆக வேண்டும் என்று 2020ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் கல்விக் கொள்கை சொல்லுகிறது. தமிழ்நாட்டு சர்க்கார் அக்கொள்கையை ஏற்கவில்லை. நம்மைப் பொறுத்தவரை வருஷம் ஒன்றா, இரண்டா, நான்கா என்பது இரண்டாவது கேள்வி. கிராமத்து ஏழைப் பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் உபாத்தியாயினியாவதென்று தீர்மானிக்க முடியாமல் போகலாம். பட்டம் வாங்கிய பிறகு தீர்மானிக்கும் வழியும் திறந்திருக்க வேண்டும் என்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறோம்.

சர்வகலாசாலைகளை நாம் கேட்பது அதிகமில்லை. சரித்திரப் பட்டம் பெற்றுப் பி.எட்.டுக்கு வருகிறவருக்குப் பூகோளத்திலும், பூகோளப் பட்டம் பெற்றவருக்குச் சரித்திரத்திலும், இரண்டு பேருக்கும் பொருளாதாரம், அரசியல் சட்டத்திலும் கட்டாயமாகப் பாடம் வைத்து, பரீட்சையும் வைக்க வேண்டும். பொருளாதாரம், அரசியல் படித்த பட்டதாரிகளையும் அதேபோல் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாணவரும் தம் தாலுக்காவில் உள்ள ஒரு கல்வெட்டையாவது, ஜனத்தொகைக் கணக்கையாவது, கிராமக் கணக்கையாவது எடுத்துப் படித்து, அதைக்கொண்டு சர்க்கார் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடம் நடத்திக் காட்டினாலொழியப் பட்டம் கொடுக்கக்கூடாது.

பொதுஜனங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர்களே பெரும்பாலும் இருக்கிறீர்கள். பி.எட். மாணவர்கள் பயிற்சிக்கு உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்ததாகக் கணக்கிருந்தால், அந்த 16 வாரமும் வந்தார்களா, எத்தனை பாடம் நடத்தினார்கள் என்று அடுத்த கூட்டத்தில் தலைமை உபாத்தியாயரைக் கேளுங்கள். கிடைத்த பதிலை ஒரு கார்டில் எழுதி நமக்கு அனுப்புங்கள். ஊர் ஊராக வெளியிட்டுவருகிறோம்.