கூரைக்கு ஓடு வேண்டும். வயலில் குழி வேண்டாம்

நமது நாட்டில் வீடு கட்டும் சாதாரண குடும்பமொன்று கூரை பற்றியும் தரை பற்றியும் தீர்மானிப்பது, பெரும்பாலும் கையிருப்பு கரைந்து கடன் ஏறிய நிலையிலேயே ஆகும். ஆகையால் கூரைக்கு மலிவான அஸ்பெஸ்டஸ் தகடும், தரைக்குப் பளபளக்கும் தரையோடும் என்றவாறு விடயம் முடிந்துவிடுகின்றது. இத்தெரிவுக்கு அக்குடும்பத்தைக் குறைகூறுவது நியாயமன்று. மாற்று வழியை மலிவாகவும் இலகுவாகவும் கிடைக்கச் செய்யாத ஆட்சியாளர்களே இதற்குப் பொறுப்புக் கூறவேண்டியவர்கள்.

நீல அஸ்பெஸ்டஸ் 1987 ஆம் ஆண்டிலேயே இங்கு தடைசெய்யப்பட்டது. ஆயினும் வெள்ளை அஸ்பெஸ்டஸ் இன்றும் இறக்குமதியாகி, கூரைகளில் ஏறிக்கொண்டேயிருக்கின்றது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை விளைவிக்கக்கூடியது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் உறுதியான நிலைப்பாடாகும். தொழிலிடங்களில் இதன் தூசை சுவாசித்ததால் ஆண்டுதோறும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழப்பதாக அந்த ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. 2018 முதல் இதனைக் கட்டுப்படுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தமையும், 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியொன்றில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா எமது தேயிலையை நிறுத்தியமையும், அஸ்பெஸ்டஸ் மீதான கட்டுப்பாட்டை அரசாங்கம் கைவிட்டதோடு அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே தேயிலைத் தடை நீங்கியமையும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். எமக்கு அஸ்பெஸ்டஸை விற்கும் பிரதான நாடும் ரஷ்யாவே. இவற்றுக்கிடையில் தொடர்பேதுமில்லை என்று நம்புவதற்கு அசாத்தியமான வெகுளித்தனம் வேண்டும்.

ஆகவே களிமண் ஓட்டுக்குத் திரும்புவோம் என்ற குரல் எழுவது இயல்பே. நாமும் அதனை ஆதரிக்கின்றோம். எனினும் ஓடு வானத்திலிருந்து விழுவதில்லை. மா ஓயாவை அண்டிய கொச்சிக்கடை, வைக்கால், தங்கொட்டுவ, நாத்தாண்டிய பிரதேசங்களே நீண்டகாலமாக நாட்டின் கூரைகளுக்கு ஓடு வழங்கி வருகின்றன. அங்கு களிமண் அகழ்ந்து கைவிடப்பட்ட குழிகள், மழைக்காலத்தில் ஆழம் தெரியாத நீர்நிலைகளாகிவிடுகின்றன. நுளம்பு பெருகுவது ஒருபுறமிருக்க, சிறுவர்கள் தவறி விழும் ஆபத்தும் உண்டு. அகழப்படுவது நெற்காணியாயின், பல தலைமுறைகள் பண்படுத்திய மேல்மண் அந்தப் பருவத்தோடு போய்விடும்.

சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, களிமண் அகழ்வதற்குப் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த, 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அனுமதி பெறவேண்டும். அகழ்ந்தவரே குழியை நிரப்பிக் காணியைச் சீராக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. அனுமதிப்பத்திரத்தில் எழுதப்பட்ட அந்த நிபந்தனை குழியின் விளிம்புக்கு வந்துசேர்வது அரிது என்பதே எமது ஆதங்கம்.

தரையோட்டின் கதை வேறு. அதற்கு வெண்களியும் பந்துக்களியும் பெல்ஸ்பாரும் சிலிக்கா மணலும் வேண்டும். இவை முறையே பொரலஸ்கமுவ, மீட்டியாகொட, தெதியவல, ஓவல, நாத்தாண்டிய போன்ற இடங்களில் எமது மண்ணிலேயே கிடைக்கின்றன. கூரையோட்டை விறகுச் சூளையில் சுட்டு எடுத்துவிடலாம். தரையோட்டுக்கோ 1,100 முதல் 1,200 பாகை வரையான வெப்பம் தேவைப்படுகின்றது. அதற்கான எரிபொருள் பெரும்பாலும் கப்பலில் வருகின்றது. அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக 2020 இல் தரையோட்டு இறக்குமதி மட்டுப்படுத்தப்பட்டபோது உள்ளூர் உற்பத்திக்கு நற்காலம் பிறந்ததாகப் பேசப்பட்டது. 2022 இல் எரிவாயு இல்லாமற்போனதும் அதே சூளைகள் அணைந்தன. உள்நாட்டுப் பொருள் என்று நாம் பெருமைப்படும் ஓட்டில் மண் மாத்திரமே உள்நாட்டுக்குரியது.

எனவே ‘பசுமை உற்பத்தி’ என்ற விளம்பர வாசகத்தை நாம் எளிதில் ஏற்பதற்கில்லை. சூளையிலிருந்து வெளியேறும் சூட்டை வீணாக்காது, ஈர ஓடுகளை உலர்த்துவதற்குத் திருப்பி அனுப்புகின்றார்களா? சுடுவதற்கு முன் உடைந்தவற்றை மீண்டும் கரைத்தும், சுட்டபின் உடைந்தவற்றை அரைத்தும் கலவையில் சேர்க்கின்றார்களா? கழிவுநீரைத் தெளியவைத்து மறுபடி பயன்படுத்துகின்றார்களா? இவற்றுக்கான விடையை ஓட்டுப் பெட்டியின் மீது அச்சிடச் செய்யும் ஒழுங்குவிதி ஒன்று வருமாயின், வாங்குபவர் விலையை மட்டும் பார்த்துத் தெரிவு செய்யவேண்டிய நிலை மாறும்.

இதில் எவரும் அதிகம் பேசாத மற்றொரு பக்கம், ஓடு பதிக்கும் தொழிலாளியின் சுவாசப்பை ஆகும். மூடிய அறைக்குள், நீர் ஊற்றாமல், முகக்கவசமும் இன்றி இயந்திரத்தால் ஓட்டை வெட்டும்போது பறக்கும் வெண்தூசில் சிலிக்கா உண்டு. அது சுவாசப்பையில் தங்கி ஏற்படுத்தும் நோய்க்குப் பூரண குணமில்லை. சமையலறை மேடைகளுக்குப் பயன்படும் செயற்கைக் கல்லை, இதே காரணத்துக்காகவே அவுஸ்திரேலியா 2024 ஜூலை முதலாம் திகதி தடைசெய்தது. ஓட்டை நனைத்து வெட்டுமாறு வீட்டுக்காரர் வற்புறுத்துவதற்குச் செலவு ஒரு வாளி தண்ணீர்தான்.

முற்றத்தைச் சுற்றி அறைகளை அமைத்த யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் காற்றும் வெளிச்சமும் தாமாகவே வந்தன. கையால் மெருகேற்றிய சிவப்புச் சீமெந்துத் தரை தலைமுறைகளைத் தாண்டியும் நின்றது. அந்த அறிவைப் பழைமை என்று ஒதுக்கிவிட்டோம். முற்றத்தை உள்வாங்கிய வீட்டை நவீனமாக மீட்டெடுத்தவர் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா. அவர் 1960களில் கொழும்பில் கட்டிய எனா டி சில்வாவின் வீடு பின்னாளில் பகுதி பகுதியாகக் கழற்றப்பட்டு, லுணுகங்கவில் மறுபடி எழுப்பப்பட்டது. பழைய ஓட்டையும் கல்லையும் மரத்தையும் இன்னொரு முறை பயன்படுத்துவதைவிடச் சிறந்த சுற்றாடல் அலங்காரம் வேறில்லை. (அதே பாவாதான் அரைவட்ட ஓடுகளை அஸ்பெஸ்டஸ் நெளிதகட்டின் மேல் பதிக்கும் முறையையும் பிரபலமாக்கினார், அதன் தீங்கு பரவலாக உணரப்படாத காலமது.)

போரினால் முடங்கிய ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையை மீள இயக்கவேண்டும் என்ற கோரிக்கை, 2009 இன் பின்னர் பல தடவைகள் எழுப்பப்பட்டு வந்துள்ளது. கிழக்கில் இறக்காமத்துக்கும் ஓட்டுத் தொழிலில் ஒரு வரலாறு உண்டு. வேலையின்றி வாடும் வன்னி இளைஞர்களுக்கும் அம்பாறை மாவட்ட மக்களுக்கும் இத்தகைய தொழில்கள் அவசியமானவை என்பதில் எமக்கு இரு கருத்தில்லை. ஆனால் சூளைக்குத் தீ மூட்டுவதற்கு முன்னரே, களிமண் எந்தக் காணியிலிருந்து, எத்தனை அடி ஆழத்துக்கு, எத்தனை ஆண்டுகளுக்கு எடுக்கப்படும் என்ற விபரம் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச மக்கள் முன் வைக்கப்படவேண்டும். குழியை நிரப்புவதற்கான பணம் அகழ்வு தொடங்குமுன் வைப்பிலிடப்பட வேண்டும். தூர்வாரப்படாது கிடக்கும் வன்னிக் குளங்களின் மண் ஓட்டுக்கு உதவுமா என்பதையும் இப்போதே பரிசோதித்துப் பார்க்கலாம். உதவுமாயின் குளமும் ஆழமாகும், வயலும் தப்பும்.